நியர் மிஸ் பதிவேடு ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது: மருத்துவ ஆளுகைப் பொறுப்பை ஏற்றவர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: புதிய பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் இரண்டே கிளைகள் கொண்ட ஒரு சிறு மருந்தக நிறுவனத்தில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். கடந்த மாதம் முதல் என் கிளைக்குக் கிளினிக்கல் கவர்னன்ஸ், அதாவது மருத்துவ ஆளுகையின், பொறுப்பாளராக என்னை நியமித்திருக்கிறார்கள். எனக்கு முன் இப்பொறுப்பில் இருந்தவர் ஓய்வுபெறும்போது ஒரு பருத்த கோப்பை என்னிடம் ஒப்படைத்தார். எஸ்.ஓ.பி. எனப்படும் செயல்முறை ஆவணங்கள், ஊழியர்களின் பயிற்சிச் சான்றிதழ்கள், புகார் நடைமுறை, குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவுகள் என எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. கையெழுத்து விடுபட்ட பக்கம் ஒன்றுகூட இல்லை.

எனக்கு உறுத்தியது நியர் மிஸ் பதிவேடுதான். மருந்து நோயாளியின் கைக்குப் போகும் முன்பே நம் மேசையில் பிடிபட்டுவிடும் தவறுகளை எழுத வேண்டிய அந்த ஏட்டில், எட்டு மாதங்களுக்கு மூன்றே பதிவுகள் இருந்தன. மூன்றும் ஒரே கையெழுத்தில், மூன்றும் 56 மாத்திரைகளுக்குப் பதில் 28 எடுத்து வைத்ததைப் பற்றியவை. மாதந்தோறும் பல ஆயிரம் மருந்துகளை வழங்கும் இடத்தில் இது நம்பத்தக்கதன்று. பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே என் சரிபார்ப்பில் ஐந்து தவறுகள் சிக்கின. அவற்றுள் ஒன்றில், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் எழுதப்பட்ட சீட்டுக்கு, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. நான் சுட்டிக்காட்டியதும் உதவியாளர் மன்னிப்புக் கேட்டு உடனே மாற்றிக் கொடுத்தார். வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவரும் அதை எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் எழுதவில்லை.

என் ஐயங்கள் இவை. இந்தப் பொறுப்பில் விதிகள் உண்மையிலேயே எதை எதிர்பார்க்கின்றன? ஊழியர்களை எழுத வைப்பது எப்படி? மூன்றாவதாக, எங்கள் கிளையின் மூத்த ஊழியர் ஒருவர், தவறை எழுதிவைப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சியம் தயாரிப்பதற்குச் சமம் என்றும், மருந்தை மாற்றிக் கொடுத்த ஒரு மருந்தாளுநருக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனையே விதித்தது என்றும் அடிக்கடி சொல்கிறார். அந்த நிலை இன்றும் நீடிக்கிறதா?

பதில்: இருபது ஆண்டுகளாகக் கண்காணிப்பு மருந்தாளுநர்

வணக்கம். உங்கள் கோப்பைப் போன்ற பல கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மருத்துவ ஆளுகை என்ற சொல் நமக்காகப் பிறந்ததன்று. 1990களின் பிற்பகுதியில், பிரிஸ்டலில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையில் நேர்ந்த இறப்புகள் நாடெங்கும் பேசப்பட்ட காலத்தில், சிகிச்சையின் தரத்துக்கு நிறுவனமே பதில் சொல்லக் கடமைப்பட்டது என்ற கருத்தாக அது அரசு சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸுக்குள் வந்தது. அதற்கு முன்பு வரவுசெலவுக்கு நிறுவனம் பொறுப்பு, தரத்துக்கு அந்தந்த மருத்துவரின் மனச்சாட்சி பொறுப்பு என்பதுதான் நடைமுறை. 2005 ஏப்ரலில் சமூக மருந்தகங்களுக்கான புதிய ஒப்பந்தக் கட்டமைப்பு வந்தபோது அதே கடமை நம் மீதும் ஏறியது. இப்போது அது 2013ஆம் ஆண்டின் மருந்தகச் சேவை ஒழுங்குவிதிகளின் நான்காம் அட்டவணையில், 28ஆம் பத்தியில் இருக்கிறது. ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி அந்தப் பத்தியை மூலத்திலேயே படித்துவிடுங்கள். பிறர் தயாரித்த சரிபார்ப்புப் பட்டியல்களைவிட அது குறுகியது, தெளிவானது.

அதில் ஏழு துறைகள் வருகின்றன. நோயாளிகளையும் பொதுமக்களையும் ஈடுபடுத்துவது, மருத்துவத் தணிக்கை, இடர் மேலாண்மை, மருத்துவப் பயன்திறன், ஊழியர், தகவல் ஆளுகை, கட்டடத்தின் தரம் ஆகியவை அவை. இவற்றுள் இடர் மேலாண்மையே உங்கள் நேரத்தில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டியது. மருந்துக் கொள்முதல், கருவிகளின் பராமரிப்பு, செயல்முறை ஆவணங்கள், சம்பவங்களை அறிவிக்கும் முறை, பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் பெற்றுச் செயல்படுதல், கழிவு மருந்துகளை அகற்றுதல், சிறாரையும் நலிந்தோரையும் காத்தல் எல்லாம் இதற்குள் அடங்கும். ஒவ்வொரு மருந்தகத்துக்கும் ஓர் ஆளுகைப் பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பதும் இங்கேதான் இருக்கிறது; ஆக உங்கள் பதவி நிறுவனம் மனமுவந்து உருவாக்கிய ஒன்றல்ல, விதியே கேட்பது.

பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு வரி உண்டு. விதி கேட்பது அறிவிக்கும் முறையை மட்டுமல்ல. முக்கியமான சம்பவங்களை ஆராய்ந்து அவற்றுக்கு ஏற்பச் செயல்படுவதற்கான ஏற்பாடுகளையும் அது சேர்த்தே கேட்கிறது. எழுதிவைத்துவிட்டு எதையும் மாற்றாத மருந்தகமும் விதியைப் பாதிதான் நிறைவேற்றியிருக்கிறது.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மேலே சொன்னது என்.எச்.எஸ். ஒப்பந்தத்தின் கடமை, 2023 ஏப்ரல் முதல் அதைக் கண்காணிப்பது அந்தந்தப் பகுதியின் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியம். பொது மருந்தியல் மன்றமான ஜி.பி.எச்.சி.யின் ஆய்வாளர் வருவது வேறு விஷயம். அவர் மருந்தகத் தரங்களின் ஐந்து கோட்பாடுகளை வைத்துப் பார்ப்பார். அவற்றில் முதலாவதே ஆளுகைதான். இருவரும் ஒரே ஏட்டைத்தான் புரட்டுவார்கள், ஆனால் ஆய்வாளர் பெரும்பாலும் கோப்பை மூடிவிட்டு முகப்பில் நிற்கும் ஊழியரிடம், "கடைசியாக என்ன தவறு நடந்தது, அதன் பிறகு இங்கே எது மாறியது?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் முன்னவரின் கோப்பு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

பதில்: மருந்து வழங்கும் மேசையிலிருந்து

நான் மருந்தாளுநர் அல்ல. பதினோரு ஆண்டுகளாக மருந்து எடுத்து, லேபிள் ஒட்டி, கூடையில் வைத்துச் சரிபார்ப்புக்கு அனுப்பும் பணியில் இருக்கிறேன். ஏன் எழுதுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் காரணம் அச்சமன்று, ஏடு இருக்கும் இடம். நான் முன்பு வேலை செய்த ஒரு கடையில் அது பின்னறையில், மேலாளரின் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. சரிபார்ப்பில் திரும்பி வந்த கூடையைத் திருத்திக்கொண்டே, தொலைபேசியையும் எடுத்துக்கொண்டே, பின்னறைக்குப் போய் ஏழு கட்டங்களை நிரப்ப யாரால் முடியும்? மாலையில் எழுதலாம் என்று வைப்போம், மாலைக்குள் மறந்துபோகும். எட்டு மாதத்தில் நினைவில் நின்ற மூன்றும் எண்ணிக்கைத் தவறுகளாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை. அவைதாம் யாரையும் சங்கடப்படுத்தாதவை.

இரண்டாவது காரணம், எழுதுவது யார் என்பது. தவறைக் கண்டுபிடித்த மருந்தாளுநர் எழுதினால் அது எங்கள் மீது எழுதப்படும் குற்றப்பத்திரிகைபோல் ஆகிவிடுகிறது. தவறு செய்தவரே எழுதினால், ஏன் அப்படி நேர்ந்தது என்பதும் அதனோடு வரும். அமிட்ரிப்டிலின் எடுத்தவரிடம் ஏன் என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால், இரண்டும் ஒரே நிறுவனத்தின் பெட்டி, ஒரே நிறப் பட்டை, இரண்டும் 10 மில்லிகிராம், இரண்டும் 28 மாத்திரைகள், அகரவரிசைப்படி அடுக்கியதால் அடுத்தடுத்த இடம் என்று ஒரு பதில் கிடைத்திருக்கலாம். அல்லது மருந்துச்சீட்டைப் பார்க்காமல், அச்சாகி வந்த லேபிளை மட்டும் பார்த்து எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். முன்னது அலமாரியின் கோளாறு, பின்னது பழக்கத்தின் கோளாறு. இரண்டுக்கும் தீர்வு வேறு. "கவனக்குறைவு" என்று காரணக் கட்டத்தில் எழுதிவிட்டால் இரண்டுமே தெரியாமல் போய்விடும். என் கருத்தில் அந்தச் சொல்லையே பதிவேட்டில் தடைசெய்ய வேண்டும்.

மூன்றாவதையும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்தாளுநர்கள் தங்கள் தவறுகளை எழுதுவதே இல்லை. தாமே எடுத்துத் தாமே சரிபார்க்கும் மருந்தில் நேரும் தவறும், கணினியில் மருந்தளவைத் தவறாக ஏற்றிப் பிறகு திருத்திக்கொள்வதும் தவறுகள்தாமே? பொறுப்பாளர் என்ற முறையில் முதல் பதிவை உங்கள் பெயரில் நீங்களே எழுதுங்கள். அந்த அமிட்ரிப்டிலின் கதையையே, எழுதாமல் விட்டதையும் சேர்த்து எழுதலாம்.

பதில்: மருந்துப் பாதுகாப்பு அலுவலர்

மேலே உள்ள பதிலை எங்கள் நிறுவனத்தின் பயிற்சிக் கூட்டத்தில் அப்படியே வாசிக்க விரும்புகிறேன். மூன்றாவது கேள்விக்கு, அதாவது தண்டனை அச்சத்துக்கு, வருகிறேன். ஏனெனில் உங்கள் மூத்த ஊழியர் சொல்வது கட்டுக்கதையன்று.

2007இல் இங்கிலாந்தில் ஒரு மருந்தாளுநர், பிரட்னிசலோன் மாத்திரைகளுக்குப் பதிலாகப் புரோப்ரனலால் மாத்திரைகளை வழங்கிவிட்டார். முன்னது ஸ்டீராய்டு, பின்னது இதயத் துடிப்பைக் குறைப்பது, ஆஸ்துமா போன்ற சுவாச நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தாகக்கூடியது. நோயாளி இறந்தார். 2009இல் அந்த மருந்தாளுநருக்கு விதிக்கப்பட்டது மூன்று மாதச் சிறை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. 2010இல் மேல்முறையீட்டில் அது நீக்கப்பட்டு அபராதமாகக் குறைந்தது. வழக்கு ஓய்ந்தாலும் அச்சம் ஓயவில்லை. நான் அப்போது பயிற்சியில் இருந்தேன். எங்கள் வகுப்பில் எவருக்கும் அந்த இரண்டு மருந்துகளின் பெயர்கள் மறந்திருக்காது. 1968ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி, கேட்ட மருந்துக்கு வேறான ஒன்றை வழங்குவதே குற்றம். எண்ணம் தீயதா இல்லையா என்பதை அச்சட்டம் கேட்கவில்லை.

இந்நிலையை மாற்றியது 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆணை. பதிவுபெற்ற மருந்தகத்தில், மருந்தாளுநராலோ அவர் மேற்பார்வையிலோ, மருந்துச்சீட்டின்படி மருந்து வழங்கும்போது அறியாமல் நேரும் தவறுக்கு இப்போது சட்டப்படியான எதிர்வாதம் உண்டு. அதற்குள் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: தவறு தெரியவந்ததும் அதை நோயாளிக்குத் தெரிவிக்க உரிய முயற்சிகள் அனைத்தையும் தாமதமின்றி எடுத்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் ஊழியரிடம் விஷயத்தைத் தலைகீழாகவே சொல்லலாம். மறைப்பவருக்குச் சட்டத்தின் நிழல் இல்லை. உடனே சொன்னவருக்கு உண்டு. நோயாளியின் பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டவருக்கு இந்த எதிர்வாதம் கைகொடுக்காது என்பதையும், ஜி.பி.எச்.சி.யின் தொழில்முறை விசாரணை இதற்கு அப்பாற்பட்டது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

தவறு நோயாளியைச் சென்றடைந்துவிட்டால் முதலில் கேட்க வேண்டியது, அவர் அதை விழுங்கினாரா, எத்தனை வேளை, இப்போது எப்படி இருக்கிறார் என்பதே. படிவம் காத்திருக்கலாம். தேவையெனில் அவருடைய மருத்துவரிடம் நீங்களே பேசுங்கள். நோயாளியையே பேசச் சொல்லாதீர்கள். மன்னிப்புக் கேளுங்கள், வருத்தம் தெரிவிப்பது பொறுப்பை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று அஞ்சி, வழவழப்பான வாசகங்களைப் பேசுவதுதான் புகார்களை வளர்க்கிறது. தவறாகக் கொடுத்த பெட்டியை அழித்துவிடாமல் எடுத்துவையுங்கள். பிறகு சம்பவத்தை எல்.எஃப்.பி.எஸ்.இ. என்ற தேசியச் சேவையில் பதியுங்கள். முன்பிருந்த என்.ஆர்.எல்.எஸ். 2024 ஜூன் மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. உங்கள் செயல்முறை ஆவணத்தில் இன்னும் பழைய பெயர் இருந்தால், அந்த ஆவணத்தை எவரும் சமீபத்தில் படிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. கட்டுப்படுத்தப்பட்ட மருந்து தொடர்பானதென்றால், அவற்றுக்கான பொறுப்பு அலுவலருக்கும் தனியே அறிவிக்க வேண்டும். மருந்தின் பக்கவிளைவு என்று ஐயம் எழுந்தால் அது மஞ்சள் அட்டைத் திட்டத்துக்கு உரியது. கருவுற்ற தாய்மார் உட்கொண்ட தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் குறைபாடுகளோடு பிறந்த பேரழிவுக்குப் பின் 1964இல் தொடங்கிய அத்திட்டத்தையும் சம்பவ அறிக்கையையும் ஒன்றெனக் கருதுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. பதிவுகள் குறைவு என்று கண்டதும் "ஆளுக்கு மாதம் ஐந்து" என்று இலக்கு வைத்துவிடாதீர்கள். நான் ஒரு முறை வைத்தேன். மாதக் கடைசி நாளில் சரியாக ஐந்து வந்தன, ஐந்தும் 28க்கும் 56க்கும் இடையிலான கதைகள். எண்ணிக்கை கூடியது, நான் எதையும் புதிதாக அறியவில்லை.

பதில்: ஊர் ஊராகப் போகும் லோக்கம்

லோக்கம், அதாவது தற்காலிகமாகப் பிறருக்குப் பதிலாகப் பணிபுரியும் மருந்தாளுநர், நான். நல்ல விவாதம், ஆனால் எனக்கு ஒரு மாற்றுக்கருத்து இருக்கிறது. எல்லோரும் நியர் மிஸ் ஏட்டையே சுற்றிவருகிறீர்கள். அந்த ஏடு, சரிபார்ப்பு மேசையில் சிக்கும் தவறுகளை மட்டுமே காட்டும் கண்ணாடி. அந்த மேசையைத் தாண்டிய பிறகு நேர்வது அதில் விழாது.

நான் பார்த்தவற்றில் அதிகம் நடப்பது, சரியாகத் தயாரித்த மருந்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது. ஒரே குடும்பப் பெயர், ஒரே தெரு, அடுத்தடுத்த பைகள். பெட்டியின் பட்டைக்குறியீட்டை வாசிக்கும் ஸ்கேனர் மருந்தைச் சரிபார்க்கும், பையைச் சரிபார்க்காது. "இது உங்களுடையதா, திரு. இன்னார்தானே?" என்று கேட்டால், காது மந்தமான முதியவர் ஆமென்றுதான் தலையசைப்பார். "உங்கள் முகவரியைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் சொல்வதைப் பையிலுள்ளதோடு ஒப்பிட வேண்டும். கேள்வியின் வடிவத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. இது நேர்ந்துவிட்டால் இரண்டு தவறுகள் ஒன்றாக நேர்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்: ஒருவர் வேறொருவரின் மருந்தை உட்கொள்ளும் ஆபத்து ஒருபுறம், இன்னொருவரின் நோய் விவரம் வெளியே போனது மறுபுறம். பின்னது தகவல் ஆளுகைக்குள் வரும். பாதிப்பு நேரக்கூடியது என்றால் தகவல் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டிய கடமையும் எழலாம்.

அடுத்தது பாக்கி மருந்து. இருப்பில் 14 மாத்திரைகள்தாம் உள்ளன, மீதி நாளை என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறோமே, அந்த மீதியை எடுப்பவர் பெரும்பாலும் மூலச்சீட்டைத் திரும்பப் பார்ப்பதில்லை; பாக்கிச் சீட்டை மட்டும் பார்க்கிறார். முதல் நாள் தவறாக எடுத்திருந்தால் மறுநாள் அதே தவறு இரட்டிக்கும். இருப்பில்லாமல் பாக்கி வைத்த மருந்துகளைக் கண்காணிக்க வேண்டும் என்பது கண்காணிப்பு மருந்தாளுநர் சொன்ன 28ஆம் பத்தியிலேயே, நோயாளிகளை ஈடுபடுத்தும் பகுதிக்குள், ஒளிந்திருக்கிறது. எத்தனை மருந்தகங்களில் அது பதிவாகிறது?

என்னைப் போன்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. லோக்கம்களுக்கு அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்பதும் விதிதான். காலை ஒன்பது மணிக்குச் சாவியையும், பொறுப்பு மருந்தாளுநரின் பெயர்ப்பலகையில் எழுத ஒரு பேனாவையும் கொடுப்பது அறிமுகமாகாது. மூட்டுவாதம் போன்றவற்றுக்கு வாரம் ஒரு முறை மட்டும் தரும் மெத்தோட்ரெக்சேட் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, இங்கே 2.5 மில்லிகிராம் மட்டும்தான் வைப்பீர்களா 10 மில்லிகிராமும் உண்டா, வாரம் ஒரு முறை என்பதோடு எந்தக் கிழமை என்பதையும் லேபிளில் எழுதுகிறீர்களா என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி மேசையில் ஒட்டியிருந்த கடை ஒன்றே ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்த மருந்தை வாரத்துக்குப் பதில் தினமும் விழுங்கினால் எலும்பு மச்சையே ஒடுங்கிவிடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். தெரிந்த விஷயத்துக்கும் மேசையில் ஒரு தாள் தேவைப்படுகிறது.

பதில்: கண்காணிப்பு மருந்தாளுநர் மீண்டும்

லோக்கம் நண்பர் சொன்னதை ஏற்கிறேன். அத்துடன் ஏட்டில் விழாத மற்றொன்றையும் சேர்க்கிறேன்: எச்சரிக்கைகள். மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான எம்.எச்.ஆர்.ஏ. திரும்பப் பெறும் அறிவிப்புகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்புக்கு நேரம் பார்க்காமல் உடனடிச் செயல், இரண்டாவதற்கு 48 மணி நேரம், மூன்றாவதற்கு ஐந்து நாள், நான்காவது எச்சரிக்கையாகப் பயன்படுத்துமாறு கூறுவது. அறிவிப்பு வரும் மின்னஞ்சல் பெட்டியை ஒருவர் மட்டுமே திறப்பார், அவர் வெள்ளிக்கிழமை விடுப்பில் இருக்கிறார் என்றால் உங்கள் 48 மணி நேரம் திங்கட்கிழமை காலைதான் தொடங்கும். உங்கள் முன்னவர் ஓய்வுபெற்றார் என்கிறீர்கள். அறிவிப்புகள் இன்னும் அவருடைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கவில்லையே? இன்றே பாருங்கள்.

எம்.எச்.ஆர்.ஏ.யின் எல்லா அறிவுரைகளும் ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்புவதோடு முடிவதில்லை. வலிப்பு நோய்க்கான வால்புரோயேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கருவுற்ற காலத்தில் தாய் அதை உட்கொண்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடும், பத்தில் மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடும் நேரக்கூடும். எச்சரிக்கை பெட்டியின் மீதும் உள்ளிருக்கும் துண்டுத்தாளிலும் இருக்கிறது; நாமோ பல ஆண்டுகளாகப் பெட்டியைப் பிரித்து எண்ணி வெள்ளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவந்தோம். 2023 அக்டோபர் 11 முதல் உற்பத்தியாளரின் முழுப்பெட்டியாகவே வழங்க வேண்டும் என்று சட்டமே வந்தது. நம் லேபிளை எச்சரிக்கையின் மீதே ஒட்டி மறைத்துவிடும் பழக்கம் இதற்குப் பிறகும் சில இடங்களில் தொடர்கிறது. உங்கள் அடுத்த தணிக்கைக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு மருந்தகமே தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டிய தணிக்கை ஒன்று உண்டல்லவா?

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பின்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. முதலில் மின்னஞ்சலைப் பார்த்தேன். நீங்கள் ஐயுற்றபடியே, அறிவிப்புகளுள் ஒரு பகுதி ஓய்வுபெற்றவரின் தனி முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது மருந்தகத்தின் பொது முகவரிக்கு மாற்றி, மூன்று பேருக்கு அணுக்கம் கொடுத்திருக்கிறேன். விடுபட்டவற்றை ஒவ்வொன்றாக இருப்போடு ஒப்பிட்டோம்; திரும்பப் பெற வேண்டிய பெட்டி எதுவும் எங்களிடம் இல்லை. அது எங்கள் திறமையால் நேர்ந்ததல்ல.

ஏட்டை இழுப்பறையிலிருந்து எடுத்துச் சரிபார்ப்பு மேசையின் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கவிட்டோம். ஏழு கட்டங்களை மூன்றாகக் குறைத்தோம்: எது எழுதப்பட்டிருந்தது, எது எடுக்கப்பட்டது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. முதல் பதிவை என் பெயரில் எழுதினேன். இரண்டு நாட்கள் வேறு எவரும் எழுதவில்லை. மூன்றாம் நாள் அந்த உதவியாளரே எழுதினார். மூன்று வாரங்களில் 31 பதிவுகள். அவற்றில் ஒன்பது, பிற்பகல் ஐந்து மணிக்குப் பின், முகப்பில் ஒருவர் மட்டும் நின்று, மருந்து எடுப்பவரும் தொலைபேசிக்கு ஓட வேண்டியிருந்த நேரத்தில் நேர்ந்தவை. இதை நான் ஒருபோதும் ஊகித்திருக்க மாட்டேன். அலமாரிதான் காரணம் என்று எண்ணி முதல் வாரமே மருந்துகளை இடம் மாற்றியிருந்தேன்.

இப்போது சிக்கல் வேறு. ஐந்து மணிக்குப் பின் தொலைபேசிக்குத் தனியே ஒருவர் வேண்டும் என்று உரிமையாளரிடம் கேட்டேன். "முன்பு எட்டு மாதத்தில் மூன்று தவறு, நீங்கள் வந்தபின் மூன்று வாரத்தில் முப்பத்தொன்றா?" என்று அவர் கேட்டார். என்ன பதில் சொல்வது?

பதில்: மருந்துப் பாதுகாப்பு அலுவலர்

அந்த எண்ணை அவர்முன் தனியாக வைத்ததுதான் பிழை. அருகில் வேறு இரண்டு எண்களை வையுங்கள்: அந்த மூன்று வாரத்தில் எத்தனை மருந்துகள் வழங்கப்பட்டன, அவற்றில் எத்தனை தவறுகள் நோயாளியின் கைவரை போயின. முன்னிருந்த எட்டு மாதங்களின் புகார்க் கோப்பையும் திறந்து, தவறான மருந்து குறித்து வெளியிலிருந்து வந்த புகார்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று பதிவுகளைவிட அவை அதிகமாக இருந்தால், தவறுகளை நம்மைவிட நோயாளிகளே அதிகம் கண்டுபிடித்தார்கள் என்பது உரிமையாளருக்கே புரியும்.

ஆள் கேட்பதற்கு முன், செலவில்லாத ஒன்றை இரண்டு வாரம் முயன்று பாருங்கள். ஐந்து மணி முதல் ஆறு மணி வரை, நோயாளி காத்திருக்காத தொடர் மருந்துச்சீட்டுகளை எடுப்பதை நிறுத்திவிட்டு, மருந்து எடுப்பவரைத் தொலைபேசியிலிருந்து விடுவியுங்கள். ஒன்பது குறைகிறதா என்று ஏடு சொல்லும். குறைந்தால் உங்கள் பதிவும், ஆய்வும், மாற்றமும், அதன் விளைவும் ஒரே பக்கத்தில் இருக்கும். குறையாவிட்டால் ஆள் கேட்பதற்கான காரணம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

பதில்: மருந்து வழங்கும் மேசையிலிருந்து

ஐந்து மணிக்கு மருந்து எடுப்பதை நிறுத்தினால் அந்தக் கூடைகள் மறுநாள் காலைக்குத் தள்ளப்படும். காலை ஒன்பது மணிக்கு எங்கள் கடையில் மாலையைவிட மோசமாக இருக்கும். மாலைப் பதிவுகளை மட்டும் பார்க்காமல் காலைப் பதிவுகளையும் சேர்த்து எண்ணுங்கள்.